மருந்துக்கும் கணக்கு வேண்டும்

கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்துக்கு வருகிறவர்கள் திருநாவுக்கரசரின் சூலை நோயை நினையாமல் திரும்புவதில்லை. அக்காலத்தில் அறிந்த சிகிச்சை எதற்கும் அடங்காத அந்நோய், தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து வீரட்டானத்து இறைவனைப் பாடியதும் தணிந்ததாகப் பெரிய புராணம் கூறும். இந்நாளில் சில நோய்கள் சிகிச்சைக்கு அடங்காமற் போவதன் காரணம் வேறு. மருந்து இல்லாமை அல்ல. இருக்கும் மருந்தை நாம் வரம்பின்றிச் செலவழித்தமையே.

ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றியே சொல்லுகிறோம். பென்ஸிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ம் வருஷம் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அதை எதிர்த்து நிற்கக் கிருமியைப் பழக்குகிறோம் என்பதே அது. பலவீனமான கிருமிகள் மடிய, வலுவுள்ளவை மிஞ்சிப் பெருகும். தம் வலுவை வேறு இனத்துக் கிருமிகளுக்கும் வழங்கும். அனாவசியமாக மருந்து உண்டாலும் இதே கதிதான்.

2010-ம் வருஷத்தில் நம் தேசத்தில் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஆஸ்பத்திரிகளில் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 'லான்ஸெட்' குழுமத்தைச் சேர்ந்த வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. அந்நொதியுள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் கணக்குக் கொடுத்திருந்தார்கள். நொதிக்குப் புதுடில்லியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். "இது நம் ஆஸ்பத்திரிகளின் நற்பெயரைக் கெடுக்கும் சூழ்ச்சி!" என்று பலர் கொதித்தார்கள், பாராளுமன்றத்திலும் ஆட்சேபம் எழுந்தது. ஒரு நகரத்தின் பெயரை நோய்க்கிருமியோடு பிணைப்பது நமக்கும் உகந்ததன்று. ஆனால் அக்கட்டுரையாசிரியர்களில் முதல்வர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் என்பதைக் கொதித்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்?

கோபத்தோடு நில்லாமல் காரியத்தில் இறங்கியவர்களும் உண்டு. 2012-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பல வைத்திய சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். 'சென்னைப் பிரகடனம்' என்று உலகம் அதை அறியும். வைத்தியரே இல்லாத கிராமங்கள் உள்ள தேசத்தில் எல்லா மருந்துகளுக்கும் ஒரே நாளில் தடை போடுவது நடவாத காரியம். முக்கியமானவற்றிலிருந்து படிப்படியாகத் தொடங்குவோம் என்றது அது. 2014-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி அமுலுக்கு வந்த எச்1 அட்டவணைப்படி, அதில் கண்ட மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயர், வைத்தியர் பெயர், மருந்தின் அளவு இவற்றைப் பதிந்து மூன்று வருஷம் காப்பாற்றவேண்டும்.

கடைக்கு வேண்டிய கணக்கு ஆஸ்பத்திரிக்கும் வேண்டாமா? அதன் முறை எளியது. முதல் மருந்து ஏற்றுமுன் இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுக்கவேண்டும். அபாய நிலையில் தாமதமின்றி மருந்து கொடுத்தாலும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிவைப் பார்த்து அதைக் குறுக்கவோ மாற்றவோ நிறுத்தவோ வேண்டும். மெரோபெனம், கொலிஸ்டின் போன்ற கடைசி மருந்துகளை எழுதினால் நிபுணர் குழு ஒன்று பரிசீலிக்கவேண்டும். தங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று வருஷந்தோறும் பட்டியல் எழுதவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாகக் கை கழுவ வேண்டும்.

"வைத்தியரின் சுதந்திரத்தில் தலையிடுவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். பொதுப் பணத்தைச் செலவிடுகிறவர் தணிக்கைக்கு உட்படுவது அவமானமன்று. இந்த மருந்துகளும் பொதுச் சொத்தே. ஒருவருக்கு வீணாக ஏற்றிய மருந்து, அடுத்த கட்டிலில் குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்குப் பயன்படாமற் போகலாம். இவை தோற்றுவிட்டால் பிரசவ அறுவையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் பழையபடி உயிரைப் பணயம் வைக்கும் காரியங்களாகிவிடும்.

வைத்தியர்களை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க முடியாது. ஒரு சமயம் நம் வீட்டுக் குழந்தைக்குச் சளியும் ஜுரமும் கண்டன. "வைரஸ் காய்ச்சல், கஞ்சியும் ஓய்வும் போதும்" என்றார் வைத்தியர். மருந்து எழுதாதவர் என்ன வைத்தியர் என்று நாம் வேறொருவரிடம் சென்று, கேட்டே ஆன்டிபயாடிக் வாங்கினோம். மூன்றாம் நாள் ஜுரம் தானே இறங்கியது. புகழ் மாத்திரைக்குப் போயிற்று. மிஞ்சிய நான்கு மாத்திரைகளை மேஜை அறையில் பத்திரப்படுத்தி, மறு வருஷம் மற்றொருவருக்குக் கொடுத்தோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதிக்கும் நாமே செய்த காரியம் இது!

ஆகவே, மாத்திரை அட்டையில் சிவப்புக் கோட்டைக் கண்டால், வைத்தியர் எழுதாமல் அதை வாங்குவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்கட்டும். ஆஸ்பத்திரியில் உறவினர் படுத்திருக்கும்போது, "ஐயா, இது எந்தக் கிருமிக்கு? எத்தனை நாளைக்கு? சோதனை முடிவு வந்ததா?" என்று மரியாதையாகக் கேட்போம். நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

தலைநகரின் பெயரைக் கிருமியிலிருந்து நீக்க நம்மால் முடியாமற் போகலாம். அக்கிருமியை நம் ஆஸ்பத்திரிகளிலிருந்து நீக்க முயலலாம் அல்லவா? தேசத்தின் கௌரவத்துக்கு அதுவே உகந்தது.