அதில் என்ன நடிப்பு?

‘கோடா’ படத்தைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. படம் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசிக் காட்சியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அப்பா, அம்மா, அண்ணன் வேடங்களில் வந்த மூன்று பேருக்கும் நிஜமாகவே காது கேட்காது என்று சொன்னதும்தான் முகம் மாறிற்று. “அப்படியா? அப்ப அதுல என்னடா நடிப்பு? இருக்கறபடியே வந்து நின்னுட்டுப் போயிருக்காங்க.” முழு விலை கொடுத்து வாங்கிய வேட்டி முதல் சலவையிலேயே சாயம் விட்டது போல ஒரு முகம்.

சித்தப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தில் அம்மாவாக வந்த மார்லி மேட்லினிடம் இதே கேள்வியைப் பல வருடங்களுக்கு முன்பே, பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவர்களே கேட்டுவிட்டார்கள். 1987 மார்ச் 30 அன்று சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. வயது 21. முதல் படம், ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’. போட்டியில் இருந்தவர்கள் ஜேன் ஃபோண்டா, சிகோர்னி வீவர், கேத்லீன் டர்னர், சிஸ்ஸி ஸ்பேசெக். அந்தப் பிரிவில் மிகக் குறைந்த வயதில் வென்றவர் இன்றைக்கும் மேட்லின்தான். அதைக் கொண்டாடி முடிப்பதற்குள், ரெக்ஸ் ரீட் என்ற பிரபல விமர்சகர் இது அனுதாப ஓட்டு என்றார். காது கேளாதவர் காது கேளாதவராக வருவதை நடிப்பென்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டார்.

சரி, அப்படியானால் ஜேன் வைமனை என்ன செய்வது? 1948-ல் வந்த ‘ஜானி பெலிண்டா’ படத்தில் கேட்கவும் பேசவும் முடியாத பெண்ணாக நடித்து, ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் அதே ஆஸ்கரை வாங்கியவர் அவர். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு நடித்தார் என்று உருகி உருகி எழுதினார்கள். ஹெலன் கெல்லராக நடித்த பாட்டி டியூக்குக்கும் துணை நடிகைக்கான ஆஸ்கர் வந்தது. அங்கெல்லாம் அனுதாபம் என்ற பேச்சே எழவில்லை. காது கேட்கிறவர் இரண்டு மாதம் காதை அடைத்துக்கொண்டால் அது தவம். பிறந்து 18 மாதத்தில் செவித்திறன் போனவர் கேமரா முன்னால் வந்து நின்றால் அது அதிர்ஷ்டம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

மேட்லின் நடித்த சாரா நார்மன் யார் என்று பார்த்தாலே இந்த வாதம் உதிர்ந்துவிடும். சாரா, காது கேளாதோர் பள்ளி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவள். பேசக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறவள். வாயைத் திறந்தால் உலகம் தன்னைக் கேலி செய்யும் என்ற காயம், அதற்கு மேல் ஒரு திமிர். மேட்லின் அதற்கு நேர் எதிர். சிகாகோவுக்குப் பக்கத்து மார்ட்டன் குரோவில், காது கேட்கிற குடும்பத்தில், சிறு வயதிலிருந்தே பேச்சுப் பயிற்சியும் சைகையுமாக வளர்ந்தவர். வாய் ஓயாமல் பேசுகிறவர் என்றுகூடச் சொல்லலாம். ஏழு வயதில் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ நாடகத்தில் டோரத்தியாக மேடை ஏறியவர். சாராவின் கதையை நாடகமாக சிகாகோவில் போட்டபோது அவருக்குக் கிடைத்தது வேறொரு சின்ன வேடம்தான். அதிலிருந்து எடுத்துத்தான் சினிமாவில் சாராவாக்கினார்கள்.

ஒரே ஒரு காட்சி போதும். பேசு, பேசு என்று ஆசிரியர் நெருக்க, சண்டை முற்றி, சாரா கடைசியில் குரலை எடுக்கிறாள். பல வருடம் பூட்டி வைத்த கதவைக் காலால் உதைத்துத் திறந்தது போன்ற ஒரு சத்தம். உருவமில்லாத, அழகில்லாத, யாரிடமும் மன்னிப்புக் கேட்காத சத்தம். பயிற்சி பெற்ற மேட்லினின் தினசரிக் குரல் அது இல்லை. தனக்கு வரும் பேச்சை மறைத்து, பேசியே பழகாத ஒருத்தியின் தொண்டையை அவர் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். இதற்குப் பெயர் நடிப்பு இல்லையென்றால் வேறு எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், மறு வருடம் இதே குழப்பம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 1988 ஏப்ரலில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைக் கொடுக்க வந்த மேட்லின், போட்டியாளர்களின் பெயர்களை வாயாலேயே சொன்னார். காது கேளாதோர் பலருக்கு அது பொறுக்கவில்லை. கோபத்துக்குக் காரணம் இருந்தது. காது கேளாதோருக்காக வாஷிங்டனில் 1864-ல் தொடங்கிய கேலடெட் பல்கலைக்கழகத்துக்கு அதுவரை காது கேளாத ஒரு தலைவர்கூட வந்ததில்லை. மார்ச் மாதம்தான் மாணவர்கள் ஒரு வாரம் வளாகத்தையே முடக்கி, கிங் ஜோர்டானைத் தலைவராக்கியிருந்தார்கள். அந்தப் போராட்டத்துக்காகத் தொலைக்காட்சியில் பேசியவர்களில் மேட்லினும் ஒருவர். அடுத்த மாதமே ஊரறிய வாய் திறந்து பேசினால் எப்படி என்று கேட்டார்கள். பேசச் சொல்லியே நெருக்கப்பட்ட அவர்களுடைய வரலாற்று வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது சாராவை, வந்தது மார்லி. நடிப்பே இல்லை என்ற விமர்சகரும், நீ எப்படிப் பேசலாம் என்ற ரசிகரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அந்த அளவுக்கு ஒரு பாத்திரத்தை நம்ப வைத்தவரைப் போய் நடிக்கத் தெரியாதவர் என்பதா?

கேட்கிறவர்களுக்கு எளிதில் விளங்காத ஒன்று உண்டு. சைகை மொழி என்பது கையால் காட்டும் ஜாடை இல்லை. அமெரிக்க சைகை மொழியில் ஆமாம்-இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்குப் புருவம் ஏற வேண்டும். யார், எங்கே, ஏன் என்றால் புருவம் இறங்கிச் சுருங்க வேண்டும். கொடுப்பதைக் குறிக்கும் கை என்னிடமிருந்து உன் பக்கம் நகர்ந்தால் நான் கொடுத்தேன். உன்னிடமிருந்து என் பக்கம் வந்தால் நீ கொடுத்தாய். இலக்கணம் முகத்திலும் காற்றிலும் இருக்கிறது. அதே முகத்தில்தான் கோபமும் காதலும் வர வேண்டும். புருவத்தை இலக்கணத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் உணர்ச்சியைக் காட்டுவது எப்பேர்ப்பட்ட வித்தை! அவசரத்துக்கு நாலு சைகை கற்றுக்கொண்டு வரும் நடிகர் இதைச் செய்யும்போது, அந்த மொழிக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? இந்திப் படத்தில் வரும் ‘மதராசி’ “ஐயோ அம்மா” என்று தமிழ் பேசும்போது நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: “அப்போ கொலைகாரனாக நடிக்க ஒரு கொலைகாரனைத்தான் கூப்பிட வேண்டுமா?” கேட்க நன்றாக இருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்வதுதான் நடிப்பு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவழிப் பாதையில் என்ன பாய்ச்சல்? காது கேட்கிற நடிகர், ஆயுள் முழுக்கக் காது கேட்கிறவராகவே நடித்துத் தள்ளுகிறார். இருப்பதைத்தானே காட்டினார் என்று அவரை யாரும் கேட்பதில்லை. மதுரைக்காரர் மதுரைக்காரராக வந்தால் ‘மண்ணின் வாசனை’ என்று கைதட்டுகிறோம்.

உடல் குறைபாடே கதையாக இல்லாத ஒரு வேடம் கொடுத்துப் பார்த்தார்களா என்றால், மேட்லினுக்குச் சிலர் கொடுத்தார்கள். 2000-ல் ‘த வெஸ்ட் விங்’ தொடரில் ஜோயி லூகஸ் என்ற தேர்தல் கணிப்பு நிபுணராக வந்தார். வெள்ளை மாளிகை ஆட்களிடம் சைகையில் எரிந்து விழுவார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை வாயால் சொல்வார். எதிரில் நிற்பவர் யாரைப் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியாமல் விழிப்பதே நகைச்சுவை. சிரிப்பு அவள் மேல் விழாது, விழிக்கிறவன் மேல் விழும்.

‘கோடா’வுக்கு வருவோம். அது 2014-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் மறு ஆக்கம். பிரெஞ்சில் காது கேளாத பெற்றோராக நடித்த இருவருக்கும் காது கேட்கும். அங்கே தேசிய விருதான செசாருக்கு இருவர் பெயரும் போயின. சைகை மொழி பேசுகிறவர்களோ தலையில் அடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எடுக்கும்போதும் அப்பா வேடத்துக்குப் பேர் தெரிந்த, காது கேட்கிற நடிகரைப் போடலாமா என்று பணம் போடுகிறவர்கள் யோசித்தார்கள். அப்படியென்றால் நான் விலகிக்கொள்கிறேன் என்றார் மேட்லின். அதனால்தான் ட்ராய் கோட்சர் உள்ளே வந்தார். பல வருடம் மேடை நாடகத்திலேயே காலம் தள்ளியவர். மகள் பாடும்போது அவள் கழுத்தில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்ப்பாரே, அந்த ஆள். 2022-ல் துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்கு. சிறந்த படமும் ‘கோடா’தான். மேட்லினுக்குப் பிறகு நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய அடுத்த காது கேளாதவர் கோட்சர். நடுவில் 35 வருடம். இருக்கிறபடி வந்து நின்றாலே போதும் என்றால் இத்தனை வருடம் ஏன் ஒருவரையும் வந்து நிற்க விடவில்லை?

நம்மூர் சினிமாவுக்கு இந்த விஷயத்தில் சாக்கு இன்னும் குறைவு. ஹாலிவுட்காரர் “குரல் வேண்டுமே” என்றாவது சொல்லலாம். இங்கே கதாநாயகிக்குத் தமிழே தெரியாது. உதட்டை அசைப்பார், டப்பிங் தியேட்டரில் வேறொருவர் பேசுவார். ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அவர் சொன்னது ‘பாலை’யா ‘மாலை’யா என்று நமக்குத் தெரியாது, காதில் விழுவதைக் கண்ணும் நம்பிக்கொள்கிறது. ‘மொழி’யில் கேட்கவும் பேசவும் முடியாத பெண்ணாக ஜோதிகா நன்றாகவே செய்தார், அவரோடு எனக்குச் சண்டையில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2009-ல் ‘நாடோடிகள்’ வந்தது. அதில் சசிகுமாரின் தங்கையாக வந்த அபிநயா கேட்கவும் பேசவும் இயலாதவர். நடித்ததோ பேசுகிற பெண்ணாக. வசனத்தை உதட்டில் பழகிக்கொண்டு, எதிரே இருப்பவர் முடிக்கும் நொடியைக் கண்ணால் பிடித்து, இன்றுவரை பல மொழிகளில் நடித்துக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா ‘நாடோடிகள்’ படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தத் தங்கச்சிப் பொண்ணா? சும்மா சொல்லாத. நல்லா நடிச்சிருக்குமேடா.”

“அதேதான் சித்தப்பா.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப அதுக்கு வாய்ஸ் குடுத்தது யாரு?”

“எல்லா ஹீரோயினுக்கும் யாரு குடுப்பாங்களோ, அவங்கதான்.”