மஞ்சள் விளக்கு சொல்வதென்ன?



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, கல்கிசையிலிருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். பாடசாலை விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் வரும்போது கார் உதறியதாம். டெஷ்போர்டில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு சற்று நேரம் சிமிட்டிவிட்டு, பின்பு அணையாமல் எரிந்ததாம். மச்சான் கட்டாரில். பயந்துபோய், வழியிலிருந்த ஒரு கராஜில் காட்டியிருக்கிறாள். பொனட்டைத் திறந்து பார்த்தவர், "புகைக் குழாயிலுள்ள கன்வேர்ட்டர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று பெருந்தொகை ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"நானா, காப்பு இரண்டையும் அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் பொறு" என்றேன். அந்த ஒரு நாளில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் நம் வீட்டுக் கார்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. இந்த விளக்கு நாளை உங்கள் காரிலும் எரியலாம்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்க் குவளை போன்றதோ, வெப்பமானி போன்றதோ சிவப்பாக எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் என்ஜின் விளக்கு அசையாமல் எரிந்து, காரும் வழமைபோல் ஓடினால் மெதுவாக வீடு வரலாம். ஓரிரு நாட்களில் பார்த்துவிடுங்கள். அது சிமிட்டினால் விடயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியவில்லை. எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். எனவே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கார் உதறியது, விளக்கு சிமிட்டியது. அப்படியானால் நோய் என்ஜினில் அல்லவா இருக்க வேண்டும்? கன்வேர்ட்டர் அந்த நோயால் பாதிக்கப்படும் உறுப்பு மட்டும்தானே?

விளக்கு எரியும்போது காரின் கணினி அதற்கான காரணத்தை ஓர் இலக்கமாகக் குறித்து வைக்கிறது. புகையைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெற்றோல் கார்களுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. ஸ்டியரிங்கின் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 ஊசிகளுக்கான ஒரு சொக்கெட் இருக்கும். தீப்பெட்டியளவான வாசிப்புக் கருவியை அதில் செருகி, சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்பினால், புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியில் அந்த இலக்கம் தெரியும். கன்வேர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் கருவியின் விலை சொற்பம். ஆனால் ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்யப்பட்ட பழைய கார்கள் சிலவற்றில் சொக்கெட் இருந்தும் சாதாரணக் கருவிக்குப் பதில் வராது. வாங்குமுன் உங்கள் காருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

தங்கையின் காரில் வந்த இலக்கம் பீ 0302. அதன் கடைசி எண்தான் சிலிண்டர்: இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. அவளுடையது மூன்று சிலிண்டர் கார்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொயில். என்ஜின் ஆறிய பின், வேலை தெரிந்த அயல்வீட்டுத் தம்பி இரண்டாவது கொயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பூட்டினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தோம். இலக்கம் பீ 0303 ஆகிவிட்டது! கொயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போயிருந்தது. ஒரு கொயிலை மாற்றினோம். இன்றுவரை விளக்கு எரியவில்லை. காப்பும் கையில் இருக்கிறது.

எல்லா இலக்கமும் இத்தனை தெளிவாகப் பேசாது. காய்ச்சல் இருப்பதைச் சொல்லும் கருவி, என்ன நோய் என்று சொல்வதில்லையே! பீ 0171 என்றால் பெற்றோலுக்கு மிஞ்சிய காற்று. குழாயில் வெடிப்போ, காற்றை அளக்கும் சென்சரில் அழுக்கோ, பெற்றோல் பம்பின் தளர்ச்சியோ காரணமாகலாம். பீ 0420 கன்வேர்ட்டரின் திறன் குறைந்ததைக் காட்டும். புகைக் குழாயில் கசிவு இருந்தாலும் அதே இலக்கம் வரக்கூடும். நம்மைப்போல் கடலோரத்தில் வாழ்பவர்கள் பற்றரி முனைகளிலும் இணைப்புகளிலும் உப்புக் காற்றால் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹைபிரிட் காரானால் செம்மஞ்சள் நிற வயர்களில் யாரும் கை வைக்கவே கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

இலக்கத்தை அழித்துவிட்டால் விளக்கு அணையும், நோய் அப்படியே இருக்கும். பற்றரியைக் கழற்றினாலும் இதே கதைதான். கோளாறு வந்த நேரத்தில் கணினி குறித்து வைத்த விபரங்களும் போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். கராஜுக்குப் போனால் இலக்கத்தைச் சொல்லி, "இந்தப் பாகம்தான் பழுது என்பதை எந்தப் பரிசோதனையில் கண்டீர்கள்?" என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். கன்வேர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. தொழில் தெரிந்த நேர்மையான பாஸ்மார் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்கள்.

பழைய கார் வாங்கப் போகும் சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. சாவியை 'ஓன்' செய்தவுடன் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் காரில் நோயில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நோயைச் சொல்லும் வாயை யாரோ அடைத்திருக்கலாம்.