சுமைதாங்கிக் கல்

டித்வா புயலுக்குப் பின்னர் ஒரு சொற்றொடர் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது: ‘மீண்டெழும் திறன்’. 2025 நவம்பர் இறுதியில் மலைச் சரிவுகள் பெயர்ந்து கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் வீடுகளோடு மனிதர்களையும் மூடின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்ணின் ஈரம் காயும் முன்பே அந்தச் சொற்றொடர் மேடை ஏறிவிட்டது. நமது மக்கள் எதையும் தாங்குவார்கள், வீழ்ந்தாலும் எழுவார்கள் என்று பேசியவர்கள், தோட்டத்து மக்களைக் குறிப்பிடும்போது பாராட்டை இன்னும் ஒரு படி உயர்த்தினார்கள். இருநூறு ஆண்டுகளாகத் தாங்கியவர்கள் அல்லவா, இதையும் தாங்குவார்கள் என்றார்கள்.

இந்தப் பாராட்டை என்னால் மகிழ்ச்சியுடன் ஏற்க முடியவில்லை. நீண்ட காலம் செய்தி மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற வகையில் ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறேன். வசதியுள்ளவர் வீட்டில் வெள்ளம் புகுந்தால் நாம் நட்டஈட்டைப் பற்றிப் பேசுகிறோம். லயத்தின் மீது மண் சரிந்தால் மனவுறுதியைப் பற்றிப் பேசுகிறோம். ஏழையின் மனவுறுதியைப் புகழ்வதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதே இதற்குக் காரணம்.

மனவுறுதி என்பது எங்கிருந்து வருகிறது? அது பிறவிக் குணமா, அல்லது யாரோ சிலர் கூடி உண்டாக்கித் தரும் ஏற்பாடா? இந்தக் கேள்விக்கு விடை தேட மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரையைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் ஏ9 வீதியின் ஓரத்தில், பெரும் பாறைகளுக்கிடையே அமைந்த குகை விகாரை அது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான் என்று பௌத்த மரபு சொல்கிறது. எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது? தென்னிந்தியப் படையெடுப்பும் ஆண்டுக்கணக்கில் நீடித்த கொடும் பஞ்சமும் நாட்டை உலுக்கின. ஓதத் தெரிந்த பிக்குகள் பசியால் மடிந்தார்கள்; பலர் கடல் கடந்து போனார்கள். ஒரு பிரிவை மனனம் செய்த கடைசி மனிதர் இறந்தால் அந்தப் பிரிவே இறந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது.

அந்த வேளையில் மூத்த பிக்குகள் எடுத்த முடிவைக் கவனியுங்கள். நமது பிக்குகளின் நினைவாற்றல் அபாரமானது, எந்தப் பஞ்சத்தையும் அது தாங்கும் என்று அவர்கள் பெருமை பேசிக்கொண்டிருக்கவில்லை. தனிமனிதரின் வலிமையை நம்பி ஒரு பொக்கிஷத்தை விட்டுவைக்க முடியாது என்று உணர்ந்து, ஏற்பாட்டையே மாற்றினார்கள். நினைவின் சுமையை ஏட்டுக்கு இறக்கினார்கள். நான் சொல்லவரும் கருத்து முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த மாத்தளைப் பாதைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தெற்கு நோக்கி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களின் நினைவாகவே 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவடைந்தது. அந்த மூதாதையரின் கதையை எழுதிவைக்க எந்தக் குகையிலும் எவரும் கூடவில்லை. அவர்கள் இறக்கிவைக்க இடமின்றிச் சுமந்த துயரம், பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் தோள் மாறி வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உள விளைவுகளை ஆராய்ந்தபோது, தனிமனிதரின் நெருக்கீடு என்ற அளவுகோல் போதாது என்று கண்டார். குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன. உறவும் நம்பிக்கையும் குலைகின்றன. அவர் இதனைக் கூட்டு நெருக்கீடு என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். வடக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்து மலையகத்துக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்றானபோது தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்களே ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் வந்தன. ஒரு காயம் ஆறுமுன் அடுத்த காயம்.

இனி, மீண்டெழும் திறன் என்ற கருத்து எங்கே பிறந்தது என்று பார்ப்போம். மேடைகளில் அதை முழங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று அறியேன். அந்த ஆய்வும் ஒரு தோட்டச் சமூகத்தில்தான் நடந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பலர் கரும்பு, அன்னாசித் தோட்டங்களுக்கு ஆசிய நாடுகளிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். வறுமை, பிறப்புக் காலச் சிக்கல், குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல ஆபத்துகள் ஒருங்கே சூழ்ந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, தன்னம்பிக்கையுடன் வளர்ந்திருந்தது தெரியவந்தது.

உலகம் இந்த மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. எந்தச் சேற்றிலும் தாமரை மலரும் என்று எழுதித் தள்ளியது. ஆனால் வேர்னர் கண்டது அதைவிட ஆழமானது. குழந்தையின் இயல்பும் உதவியது உண்மையே. அதனுடன், அப்படி வளர்ந்த பிள்ளைகளின் வாழ்வில் அவர்களை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட, நிலையாக உடனிருந்த ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றோராக இல்லாவிட்டால் பாட்டியாகவோ அத்தையாகவோ ஆசிரியராகவோ அயலவராகவோ அவர் இருந்தார். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. இளமையில் தடம் புரண்ட எஞ்சிய இரு பங்கினரிலும் பலர், முப்பது வயதுக்கு மேல் திருந்தி நிலைபெற்றார்கள். மீண்டும் படிக்கக் கிடைத்த வாய்ப்பும், நல்ல வேலையும், ஆதரவான துணையும் அவர்களை மீட்டன. அதாவது, மீண்டெழுந்தவர் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் கைகொடுத்த மனிதரோ கதவு திறந்த நிறுவனமோ இருந்தது.

இந்த அளவுகோலுடன் ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு பெரியவர் போதும் என்கிறது ஆய்வு. அந்த ஒருவரையும் பிள்ளையிடமிருந்து எடுத்துச் செல்வதாகவே நமது பொருளாதாரம் அமைந்திருக்கிறது. தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் தாய் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறாள். தந்தை கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போகிறார், அல்லது மாலையில் சாராயத்துக்குள் போகிறார். மூத்த பிள்ளை பாடசாலையை விட்டு நகரத்துக் கடையில் சேர்கிறது. மிஞ்சுபவர் அப்பாயியோ அம்மாயியோதான். அவரும் கொழுந்தெடுத்துத் தேய்ந்த முதுகுடன், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மூன்று பேரப்பிள்ளைகளைக் காக்கிறார். நாம் அதற்கு மீண்டெழும் திறன் என்று பெயர் சூட்டுகிறோம். சரியான பெயர் களைப்பு.

அரசு இதைக் காணாமல் இல்லை. கண்ட விதந்தான் கோளாறானது. 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போவதைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஏற்பாடு கொண்டுவரப்பட்டது; பின்னர் தளர்த்தப்பட்டது. தந்தையிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. தாயை வழியில் மறித்தார்களே தவிர, அவள் ஏன் போகிறாள் என்ற காரணத்தை மறிக்கவில்லை. பிள்ளையின் மனநலம் தாயின் ஒழுக்கப் பிரச்சினையாகச் சுருங்கியது.

ஏற்பாட்டை மாற்றினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே உலகம் மெச்சும் சான்று ஒன்றுண்டு. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அவ்வாண்டில் கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1998இல் மேலும் ஒன்று தடைசெய்யப்பட்டது. பத்தே ஆண்டுகளில் வீதம் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகும் இறங்கியது. அக்காலத்தில் போர் ஓயவில்லை. வறுமை தீரவில்லை. மக்களுக்குத் திடீரென மனவுறுதி கூடிவிடவும் இல்லை. ஓர் இருண்ட கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சை அரசு அகற்றியது. அந்தக் கணத்தைக் கடந்தவர்கள் வாழ்ந்தார்கள். அறிவுரைக் கூட்டங்களால் ஆகாததை ஒரு வர்த்தமானி அறிவித்தல் செய்தது.

சுனாமிக்குப் பின்னரும் இதே பாடம் கிடைத்தது. 2005இல் உளவளத்துணை வழங்க வெளிநாட்டுக் குழுக்கள் கரையோரமெங்கும் குவிந்தன. பலருக்கு நமது மொழியும் தெரியாது, துக்கம் காக்கும் முறையும் தெரியாது. உலகெங்கும் இவ்வாறான அனுபவங்கள் சேர்ந்த பின்னர், 2007இல் ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் இணைந்து அவசரகால உளநல வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. அதில் உதவிகள் ஒரு பிரமிட்டாக அடுக்கப்பட்டுள்ளன. அடித்தளத்தில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அதற்கு மேலே குடும்ப, சமூக ஆதரவு. அதற்கும் மேலே பயிற்சி பெற்றவர்களின் உதவி. உச்சியில் மட்டுமே உளமருத்துவர். உச்சியை மட்டும் கட்டி அடித்தளத்தை விட்டுவிட்டால் அது நிற்காது.

உளவளத்துணை வேண்டாம் என்கிறீர்களா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. தூக்கமிழந்தவனுக்கும் உருத்தெரியாத பயத்தில் நடுங்கும் பிள்ளைக்கும் மருத்துவம் வேண்டும். அது தமிழில் வேண்டும். தன் துயரை இன்னொரு மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டிய நோயாளி, பாதியை விழுங்கிவிடுவான். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணைத் தோட்டத்து இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் இம்மக்களை ஒன்றுகூட்டித் தாங்கியதை மறப்பவனும் அல்லன். ஊரே சேர்ந்து அழவும் ஆடவும் ஓர் இடம் இருந்தது. அந்த வலிமை உண்மையானது. அதைச் சாட்டாக வைத்து நாம் கைகட்டி நிற்பதே பொய்யானது.

அப்படியாயின் செய்ய வேண்டியவை எவை? முதலாவது, மண்சரிவு அபாயத்திலுள்ள லயங்களிலிருந்து குடும்பங்களை அகற்றிப் பாதுகாப்பான நிலத்தை உறுதியுடன் அவர்களின் பெயரில் வழங்க வேண்டும். மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் விழித்திருக்கும் பிள்ளைக்கு எந்த ஆலோசனையும் உறக்கம் தராது. இரண்டாவது, பிள்ளை மடுவம் சிறு குழந்தைகளுடன் நின்றுவிடுகிறது. பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விடுகிறது. தாய் மலையிலிருந்து இறங்க மாலையாகிறது. அந்த இடைவெளியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சோறும் பாடமும் விளையாட்டும் தரும் ஓர் இடமும், அங்கே மாறாமல் இருக்கும் ஒரு முகமும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். படித்துவிட்டு வேலையற்றிருக்கும் தோட்டத்து யுவதிகளுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். மூன்றாவது, தாய்மாருக்கு வீட்டருகே வருமானம் வேண்டும். அலுவிகாரையிலேயே பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், தையல் வேலைகளை வளர்த்துக் காட்டினார். ஊரை விட்டுப் போகாமலே ஒரு பெண் உழைத்துச் சம்பாதிக்க முடியும் என்பதற்கு அந்தப் பட்டறைகளே சாட்சி.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் ஒரு சொல். அனர்த்தம் நேரும்போது நீங்கள் அனுப்பும் போர்வைகளும் பணமும் பெரிது. ஆனால் ஒரு தோட்டத்தில் ஓர் ஆசிரியையின் பத்தாண்டுச் சம்பளத்தைப் பொறுப்பேற்பது அதனினும் பெரிது. கவாய்த் தீவின் பிள்ளைகளை மீட்டது ஒரே நாளில் வந்து குவிந்த உதவி அன்று. நாளும் மாறாமல் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

நமது முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாகப் பல ஊர்களில் அதை நிறுத்தினார்கள். தங்கள் வீட்டுத் துயரத்தை, வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறும் வசதியாக மாற்றிய அந்த மனங்கள் எத்தனை பண்பட்டவை! அவர்கள் யாரும் சுமப்பவனைப் பார்த்து, உன் கழுத்து எவ்வளவு உறுதியானது என்று கைதட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியதும் அந்தக் கல்லை நடுவதுதான். அடுத்த மழைக்காலத்துக்கு முன் எத்தனை குடும்பங்கள் சரிவிலிருந்து இறக்கப்படுகின்றன என்ற எண்ணிக்கையை எனக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்களின் மனவுறுதியைப் பற்றி நாம் பேசலாம்.