பண்டிகைக் காலமும் படுக்கைப் பக்கத்து நாற்காலியும்

புரட்டாசி பிறந்துவிட்டால் மதுரை வீடுகளில் நாட்காட்டிக்கு ஓய்வு கிடையாது. புரட்டாசிச் சனி, மகாளய அமாவாசை, நவராத்திரிக் கொலு, சரஸ்வதி பூஜை, விஜயதசமி, தீபாவளி, அந்த அமாவாசைக்கு மறுநாளே திருப்பரங்குன்றத்தில் கந்த சஷ்டி, அப்புறம் கார்த்திகை தீபம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையல், தனி விரதம், தனி மனத்தாங்கல். எந்த ஆண்டுத் தீபாவளிக்கு எந்த மைத்துனர் வராமல் போனார் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குப் பஞ்சாங்கத்தைவிடத் துல்லியமாக நினைவிருக்கும். இந்த நெரிசலுக்கு நடுவில் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், அவருடைய காய்ச்சலுக்கு முன்பே வீட்டின் காய்ச்சல் ஏறிவிடுகிறது.

இது நம் ஊரின் தனிச் சொத்து என்று பெருமைப்பட வேண்டாம். ஏறத்தாழ இதே பருவத்தில் உலகெங்கும் யூதக் குடும்பங்களும் இதே பாடுதான் படுகின்றன. ரோஷ் அஷானா என்னும் புத்தாண்டில் ஆப்பிளைத் தேனில் தோய்த்து உண்பார்கள். பத்தாம் நாள் யோம் கிப்பூர். சுமார் 25 மணி நேரம் உணவுமில்லை, தண்ணீருமில்லை. அதற்கு ஐந்தாம் நாள் சுக்கோத் தொடங்கும். வீட்டுக்கு வெளியே தழைக் கூரை வேய்ந்த குடிலில் ஏழு நாள் உணவு. அது முடிந்த கையோடு சிம்ஹத் தோரா என்ற கொண்டாட்டம். இத்தனையும் ஒரே மாதத்துக்குள். அவர்களுடைய மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பருவத்தோடு இணங்கச் செய்கிறார்கள். ஆகவே ஆங்கில நாட்காட்டியில் பண்டிகை நகர்ந்துகொண்டே இருக்கும். "இந்த ஆண்டு முந்திவிட்டது" என்றோ "பிந்திவிட்டது" என்றோ யூத வீடுகளில் புலம்புவார்களே ஒழிய, சரியான நேரத்தில் வந்தது என்று எவரும் சொல்வதில்லை. "தீபாவளி முந்திவிட்டது, போனஸ் இன்னும் வரவில்லை" என்று நாம் சொல்வதில்லையா? 2025ஆம் ஆண்டில் நம்முடைய விஜயதசமியும் அவர்களுடைய யோம் கிப்பூரும் அக்டோபர் 2 என்ற ஒரே நாளில் வந்தன. இங்கே சுண்டல் வெந்துகொண்டிருக்க, அங்கே பட்டினி.

யூதர் என்றதும் எங்கோ தொலைவில் இருப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையைத் தாண்டினால் கொச்சி. சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் உரிமையாக அளித்து வெளியிட்ட செப்பேடு, நம் பாண்டி நாட்டிலும் புழங்கிய வட்டெழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் கோயில் இன்றும் நிற்கிறது. அங்கே வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்கள் பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டைச் சுரண்டி வெள்ளையடித்து, கிணற்றை இறைத்துக் கழுவி, அரிசியை மணி மணியாகப் பொறுக்குவார்களாம். போகிக்கு முதல் நாள் நம் வீட்டுப் பரணை இறக்கும் காட்சியை அறிந்தவருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. பண்டிகை என்பது வீட்டுப் பெண்களின் முதுகுவலிக்கு ஊரார் இட்ட மங்கலப் பெயர் என்பது என் நெடுநாளைய ஐயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுடைய பழைய நெறியாளர்களிடம் நாம் பாடம் கேட்கலாம். யோம் கிப்பூர் பட்டினி அவர்களுடைய ஆண்டிலேயே மிகக் கடுமையான விரதம். அத்தகைய நாளிலும், உயிருக்கு ஆபத்துள்ள நோயாளி உண்ணாமல் இருப்பது புண்ணியம் ஆகாது, அது தவறு. உயிர் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் மேலானது என்பது அவர்களுடைய சட்டம். இதில் சுவையான பகுதி ஒன்று உண்டு. மருத்துவர் "உண்ண வேண்டும்" என்று சொல்லி, நோயாளி "வேண்டாம், தாங்குவேன்" என்றால் மருத்துவர் சொல்லே செல்லும். மாறாக மருத்துவர் "உண்ணத் தேவையில்லை" என்று சொல்லி, நோயாளி "என்னால் முடியவில்லை" என்றால் நோயாளியின் சொல்லே செல்லும். இரு பக்கமும் உணவுக்கே வெற்றி. மனம் ஒப்பாதவருக்காக ஒரு வழியும் வைத்தார்கள்: ஒரு பெரிய பேரீச்சம்பழ அளவுக்கும் குறைவாக, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக உண்ணலாம்.

மதுரையில் இந்த ஏற்பாடு நடைபெறாது. ஏனெனில் இங்கே மருத்துவர், நோயாளி ஆகிய இருவருக்கும் மேலாக மூன்றாவது நீதிமன்றம் ஒன்று உண்டு. அதில் பெரிய அத்தை, ஒன்றுவிட்ட சித்தப்பா, பக்கத்துப் படுக்கைக்காரரின் சம்பந்தி ஆகியோர் நடுவர்களாக அமர்ந்திருப்பார்கள். "நாற்பது வருஷமா விட்டதில்லையேப்பா, ஒரு நாள் பட்டினி கிடந்தா உடம்புக்கு நல்லதுதான்" என்று தீர்ப்பு வரும். தீர்ப்பு வழங்கியவர் அன்று காலை ஆறு இட்லி உண்டிருப்பார்.

நம் தரும நூல்களும் இவ்வளவு கொடுமையானவை அல்ல என்பதை அந்த நடுவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டு என்று மகாபாரதத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. நீர், கிழங்கு, பழம், பால் என்று தொடங்கும் அப்பட்டியலில் குருவின் சொல்லும் மருந்தும் இடம்பெறுகின்றன. ஆக, மாத்திரை விழுங்கினால் சஷ்டி விரதம் முறியும் என்பது சாத்திரம் சொன்னதன்று, சம்பந்தி சொன்னது. இஸ்லாமும் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்களித்து, நலம் பெற்ற பின் வேறு நாட்களில் நோற்கச் சொல்கிறது. கடவுளர் அனைவரும் ஒரே கருத்தில் இருக்கும்போது நாம் மட்டும் ஏன் மாறுபட வேண்டும்?

கேலியை ஒருபுறம் வைத்துச் சொல்கிறேன். இன்சுலின் போட்டுக்கொண்டோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை விழுங்கிவிட்டோ உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் அதனைப் பக்திப் பரவசம் என்று தவறாகக் கருதிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். சாப்பிடவில்லை, ஆகவே ஊசியும் வேண்டாம் என்று தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தே. விரதம் இருந்தே ஆக வேண்டும் என்ற உறுதி உள்ளவர்கள், விரதத்துக்குச் சில நாட்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இருக்கலாமா என்பதையும் மருந்தின் அளவையும் முடிவு செய்துகொள்ளலாம். விரத நாளன்று காலையில் கேட்பது சமையல் முடிந்தபின் உப்பு வாங்கக் கிளம்புவது போன்றது.

"பழம் மட்டும் உண்ணும் விரதம்" சிறுநீரக நோயாளிக்குப் பட்டினியைவிடக் கொடியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் இரண்டு வாழைப்பழமும் ஓர் இளநீரும் சாப்பிட்டு விரதம் காத்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாறச் செய்துவிடக்கூடும். அன்போடு இளநீர் வாங்கி வரும் உறவினரை எப்படி மறுப்பது என்பது மருத்துவ நூல்களில் விடை காணப்படாத வினா. வாங்கி வந்தவரையே குடிக்கச் செய்வது நான் கண்ட வழி; இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

பட்டினி முடிந்தால் பலகாரம். அதிரசத்தில் வெல்லம்தான் இருக்கிறது, சர்க்கரை இல்லை என்ற வாதத்தை வழக்கறிஞர்களே முன்வைக்கக் கேட்டிருக்கிறேன். வெல்லம் எந்தக் கடையில் வாங்கியது என்று இரத்தம் விசாரிப்பதில்லை. தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும், நண்பகலில் பிரியாணி, மாலையில் ஜிகர்தண்டா, இடையிடையே முறுக்கு. இரவில் இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம். அந்த உருண்டையின் மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையில் நூறில் ஒரு பங்கை மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் மீது வைத்திருந்தால் பாதி வார்டு காலியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சமூட்டுவது ஒரு சொற்றொடர்: "தீபாவளி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்." காலில் ஆறாத புண்ணோடு, நெஞ்சில் ஏதோ பிடிப்போடு, ஒரு பக்கக் கை மரத்துப்போன நிலையோடு, பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடுமே என்று வாய்மூடி இருக்கும் தாய்மார்கள் ஏராளம். உயிர் காக்கும் காரியத்துக்காக ஓய்வுநாளை மீறும்போது பெரியவர்களிடம் அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை, விரைந்து செயல்பட்டவரே பாராட்டுக்குரியவர் என்று யூத நெறி சொல்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் நல்ல நாள் கெட்ட நாள் தெரியாது. சிகிச்சை பிந்தப் பிந்த இதயத்தசையும் மூளையும் அழிந்துகொண்டே போகும். அவசரப் பிரிவுக் கதவு தீபாவளியன்றும் திறந்தே இருக்கிறது. ராகு காலத்திலும் திறந்திருக்கிறது.

இனி அந்த நாற்காலிக்கு வருகிறேன். நோயாளிகளைப் பற்றி எல்லா மதங்களும் பேசுகின்றன. நோயாளியின் பக்கத்தில் நெளிந்து அமர்ந்திருப்பவரைப் பற்றி யார் பேசினார்கள்? சுமார் 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு பேசியிருக்கிறது. சுக்கோத் குடிலில் தங்கி உண்ணும் கடமையிலிருந்து நோயாளிக்கு மட்டுமன்று, அவருக்குப் பணிவிடை செய்பவருக்கும் விலக்கு உண்டு என்று அது வகுத்திருக்கிறது. இதைப் படித்த நாளில் நான் எழுந்து நின்று கும்பிட்டேன். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒருவர் துணையிருப்பவரின் கண்ணடியில் இருந்த கருவளையத்தைக் கவனித்திருக்கிறார்!

நம் பக்கத்தில் அந்த விலக்கு இன்னும் அமலுக்கு வரவில்லை. மாமனாரை மூன்று வாரமாக மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம், தன் வீட்டுக் காதுகுத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் உறவு இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதத் தவறினால் அது குறிப்பேட்டில் ஏறி அடுத்த தலைமுறைக்கும் செல்லும். ஆகவே துணையிருப்பவர் பகலில் வார்டிலும் மாலையில் மண்டபத்திலும் இரவில் பேருந்திலுமாக இருக்கிறார். பிறகு ஒரு நாள் அவரே இரத்த அழுத்தத்தோடு பக்கத்துப் படுக்கைக்கு வந்து சேர்கிறார். அப்போது அவருக்குத் துணையிருக்க யாரும் இல்லை. எல்லோரும் காதுகுத்தில் இருக்கிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு மிஷ்னா வேண்டாம் என்றால் கள்ளழகரையே சான்றுக்கு அழைக்கிறேன். ஊரறிந்த கதைதானே. தங்கை மீனாட்சியின் திருக்கல்யாணத்துக்கு அழகர்மலையிலிருந்து புறப்பட்டவர், வழியில் தாமதப்பட்டு, வைகையை அடையும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது. அவர் வண்டியூருக்குத் திரும்பிவிட்டார். அதற்காக அவர் பெயரை எந்த மொய் நோட்டிலும் சிவப்பு மையால் எழுதவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் கூடி எதிர்சேவை செய்கிறார்கள். உடன்பிறந்தவள் கல்யாணத்துக்கே பிந்திய ஒருவரை இப்படிக் கொண்டாடும் ஊர், ஒன்றுவிட்ட மைத்துனியின் வளைகாப்புக்கு வராத மருமகளையும் மன்னிக்கலாம்.

உறவினர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தத் தீபாவளிக்கு நோயாளியைப் பார்க்க ஐந்து பேராகத் திரண்டு அதிரச டப்பாவோடு வராதீர்கள். ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு வந்து, நாற்காலியில் இருப்பவரை எழுப்பி, "நீ வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பிள்ளைகளோடு சாப்பிட்டு, தூங்கி எழுந்து சாயங்காலம் வா" என்று சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டு தலையணைக்கு அடியில் இருக்கும். பிளாஸ்க் சன்னல் ஓரத்தில். அந்த நாற்காலியின் இடக்கை சற்று ஆடும், பார்த்து உட்காருங்கள்.