தெந்தே போடாவிட்டால் பெயரை மாற்றுங்கள்

போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. பிரேசில் மீன் குழம்பு செய்திருக்கிறேன், நீங்கள் அங்கே இருந்தவர், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தனியாகப் போன் போட்டு அழைத்திருந்தார். மேசை மேல் வெள்ளைப் பீங்கான் பாத்திரம். உள்ளே வெளிறிய தேங்காய்ப்பால், மூன்று நிறத்தில் குடைமிளகாய், மேலே கொத்தமல்லி. ஒரு வாய் வைத்தேன். ருசியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது மொக்கேக்கா இல்லை.

"தெந்தே போடலியா சார்?" என்று கேட்டேன்.

"ஐயோ, பாமாயிலா? அதெல்லாம் உடம்புக்கு ஆகாதுங்க. ஆலிவ் ஆயில்ல கொஞ்சம் பாப்ரிகா போட்டா அதே கலர் வந்துரும்னு ரெசிபியிலயே இருந்துச்சு."

அதே கலர்! விருந்துக்குப் போன இடத்தில் சண்டை போடக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு வீட்டுச் சமையலுக்காக எழுதப்படும் மொக்கேக்கா குறிப்புகள் பலவற்றில் தெந்தே எண்ணெய்க்குப் பக்கத்தில் 'விருப்பமிருந்தால்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய்ப்பால் கட்டாயம், குடைமிளகாய் கட்டாயம். தெந்தே மட்டும் விருப்பம். புளி விருப்பமிருந்தால் என்று போட்டு ஒருவர் வத்தக்குழம்புக் குறிப்பு எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

சல்வடோர் நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். நான் மாடியில், வீட்டுக்கார அம்மா கீழே. அறுபதைத் தாண்டியவர். மரியாதைக்கு 'தோனா' என்றுதான் அழைப்பேன். மொக்கேக்கா செய்ய அவர்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பதைவிட, அடுப்பு மேடையில் என் கையைத் தட்டித் தட்டித் திருத்தினார் என்பதே சரி.

விஷயம் ரொம்ப எளிது. ஒரு கிலோ கெட்டிச் சதை மீன், தடித் துண்டுகளாக. களவா நன்றாக இருக்கும், இங்கே சந்தையில் கெராப்பு என்பார்கள். எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு தடவி அரை மணி நேரம். அகலமான சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் வட்டங்களை ஒரு அடுக்கு பரப்பி, மேலே மீன், அதன்மேல் மறுபடி ஒரு அடுக்கு, கை நிறைய கொத்தமல்லி. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர். தெந்தே மூன்று நான்கு மேசைக்கரண்டி, அதில் பாதியை ஆரம்பத்தில், மீதியை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, தக்காளியும் மீனும் விடுகிற நீரே போதும். மூடி போட்டு இருபது நிமிடம். கரண்டி போட்டீர்களோ போச்சு. துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் நாள் பழக்க தோஷத்தில் கரண்டியை விட்டுக் கிண்டினேன். தோனா எட்டிப் பார்த்து, மீன் கஞ்சி காய்ச்சுகிறாயா என்று கேட்டார்.

தெந்தே போத்தலை நிற்க வைத்தால் மேலே கருஞ்சிவப்பாகத் தெளிந்தும் கீழே மஞ்சளாக உறைந்தும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். சூடான சட்டியில் விழுந்ததும் அடிக்கிற வாசனையை வர்ணிப்பது கஷ்டம். கொஞ்சம் புகை, கொஞ்சம் வறுத்த கொட்டை, அடியில் ஈர மண். பாப்ரிகா நிறத்தைக் கொடுக்கும். இதைக் கொடுக்காது. பஹியாவின் பழைய ஆட்களுக்கு வெறுமனே எண்ணெய் என்றாலே தெந்தேதான். ஆலிவ் எண்ணெயைத்தான் 'இனிப்பு எண்ணெய்' என்று அடைமொழி போட்டுச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு 'எண்ணெய்ச் சாப்பாடு' என்றே பெயர். மொக்கேக்கா, வத்தப்பா, கருரு எல்லாம் அதில் அடக்கம். இதில் ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை ஒஷாலா என்ற ஒரிஷாவுக்கு உரிய நாள். அந்த ஒஷாலாவுக்குத் தெந்தே ஆகவே ஆகாது. சாமிக்கு விலக்கான எண்ணெயைச் சாமியின் நாளிலேயே ஊரே ரசித்துச் சாப்பிடுகிறது!

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இந்த 'விருப்பமிருந்தால்' என்பதன் கனம் புரியாது. அந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவுடையது. தெந்தே என்ற சொல் அங்கோலாவின் கிம்புண்டு மொழியிலிருந்து வந்தது. அடிமைக் கப்பல்களில் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டுக்கும் அத்தனை பேர் போகவில்லை. அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுதான், 1888-இல். மொழி, பெயர், குடும்பம் எல்லாம் பிடுங்கப்பட்டவர்களிடம் எஞ்சியது கையும் நாக்கும். அவர்கள் சட்டியில் தங்கியது இந்த எண்ணெய். அவர்களுடைய கந்தோம்ப்ளே வழிபாட்டில் படையலுக்கு வேண்டியதும் இதே எண்ணெய்தான். அந்த வழிபாட்டிடங்கள் போலீசில் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி பஹியாவில் 1976 வரை இருந்தது. நேற்றுப் போல.

அந்தச் சமையலை எழுத்தில் வைத்தவர்களில் முன்னோடி மனுவெல் கெரீனோ என்ற கறுப்பின அறிஞர். அவர் 1923-இல் இறந்தார், பஹியாவின் சமையற்கலை பற்றிய நூல் 1928-இல்தான் வெளிவந்தது. பிறகு ஜோர்ஜ் அமாதோ தன் தோனா ஃப்ளோர் நாவலில் (1966) நண்டு மொக்கேக்காவின் செய்முறையைக் கதைக்குள்ளேயே வைத்தார்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தெருவில் தெந்தேயில் பொரித்து விற்கும் அக்கராஜே என்ற பயற்று வடை இயன்சா என்ற ஒரிஷாவுக்குரியது. அதை விற்கும் பையானா பெண்களின் தொழிலை 2005-இல் பிரேசில் அரசு தேசிய மரபாகப் பதிவு செய்தது. அதே வடையை, அதே எண்ணெயில் பொரித்து, 'ஏசுவின் உருண்டை' என்று பெயர் மாற்றி விற்கும் சுவிசேஷ சபையினரும் உண்டு. பையானா பெண்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விற்பதை அல்ல, பெயரை மாற்றியதை. அங்கே எண்ணெயை வைத்துக்கொண்டு பெயரை எடுத்தார்கள். நம் விருந்து மேசையில் பெயரை வைத்துக்கொண்டு எண்ணெயை எடுக்கிறோம். இரண்டிலும் காணாமல் போகிறவர்கள் ஒரே ஆட்கள்.

உடம்பு வாதத்துக்கு வருவோம். பனையெண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, உண்மை. தேங்காய் எண்ணெயில் அது எண்பது சதவீதத்துக்கு மேல். அந்தத் தேங்காயின் பாலை டம்ளர் கணக்கில் ஊற்றிவிட்டு மூன்று கரண்டி தெந்தேக்கு மட்டும் இதயத்தைப் பிடித்துக்கொள்கிறோம். இது மருத்துவம் இல்லை சார். தேங்காய்ப்பாலுக்கு இன்று நாகரிகம் கூடியிருக்கிறது, பாமாயில் என்றால் ஏழை வீட்டு எண்ணெய், ஊரில் ரேஷன் கடை எண்ணெய். அந்த அருவருப்பைத்தான் ஆரோக்கியம் என்று மொழிபெயர்க்கிறோம். நிறமும் மணமும் உருவிய அந்தப் பாமாயிலும் இடித்துப் பிழிந்த தெந்தேயும் ஒரே பழத்திலிருந்து வந்தவைதான். ஆனால் ஒன்றின் ருசியை வைத்து மற்றதைப் பேச முடியாது.

காடழிப்பு வாதம் இதைவிடக் கனமானது, மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு அதை நான் தட்டிக்கழிக்க முடியாது. பிரேசிலிலும் பனையெண்ணெயில் பெரும்பகுதி இன்று வடக்கே பாரா மாநிலத்தின் பெருந்தோட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே நிலத் தகராறுகள் உண்டு. ஆனால் சல்வடோருக்குத் தெற்கே வலென்சா பக்கம் தெந்தே கரை என்றே ஒரு கடலோரம் இருக்கிறது. அங்கே மரங்கள் பெரும்பாலும் யாரும் வரிசை பிடித்து நடாமல் தானாகப் பரவியவை. சிறு குடியானவர்கள் குலை வெட்டிச் சின்ன ஆலைகளில் எண்ணெய் எடுக்கிறார்கள். காட்டுக்காகக் கவலைப்படுகிறவர் முதலில் தன் வீட்டு பிஸ்கட்டையும் சோப்பையும் புரட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். மொக்கேக்கா வரிசையில் கடைசி.

அப்படியானால் தெந்தே இல்லாத மொக்கேக்காவே கிடையாதா? உண்டு. அதுதான் என் வாதத்துக்கே வலு. பஹியாவுக்குத் தெற்கே எஸ்பிரித்தோ சாந்தோ மாநிலத்தில் மொக்கேக்கா கப்பிஷாபா. அதில் தெந்தே இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை, குடைமிளகாயும் இல்லை. ஆலிவ் எண்ணெயும், ஜாப்ரா விதையை எண்ணெயில் காய்ச்சி எடுத்த சிவப்பும் உண்டு. அதற்கென்றே சட்டி உண்டு. விட்டோரியா நகரத்தின் கொய்யாபெய்ராஸ் பகுதிப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, திறந்தவெளியில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சதுப்புநில மரப்பட்டைச் சாற்றை அடித்துக் கறுப்பாக்குகிற மண்சட்டி. 2002-இல் பிரேசில் அரசு மரபுத் தொழில் பட்டியலில் பதிவு செய்த முதல் தொழிலே அதுதான். அந்த ஊர்க்காரர்கள், எங்களுடையதுதான் மொக்கேக்கா, மற்றதெல்லாம் சும்மா மீன் குழம்பு என்று பஹியாக்காரர்களை வம்புக்கு இழுப்பார்கள். தோனாவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. ஆனாலும் அவர்கள் தெந்தேயை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பாலை வைத்துக்கொள்ளவில்லை. முழுசாக வேறொரு பண்டம் செய்தார்கள், பெயரோடு தங்கள் ஊரையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்படிச் செய்யுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? இல்லை, தேங்காய்ப்பால் மீன் என்று சொல்லிப் பரிமாறுங்கள். நானும் ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.

அன்றைக்கு விருந்தில் இன்னொருவர், "என்ன சார் பெரிய மொக்கேக்கா, நம்ம சொதி மாதிரிதானே" என்றார். தேங்காயில் உறவு இருப்பது நிஜம். அட்லாண்டிக் கரைத் தென்னைகள் இந்தியப் பெருங்கடல் வகை என்று 2011-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது, கொண்டுபோனவர்கள் போர்த்துகீசியர்கள். அவர்களால்தான் மிளகாயும் மரவள்ளியும் அந்தப் பக்கமிருந்து இங்கே வந்தன. அதற்காக எல்லாவற்றையும் 'நம்ம' என்று இழுத்துப் போட்டுக்கொண்டால் எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. திரும்பி வந்த புதிதில் அலுவலக நண்பர்களுக்குச் சமைத்தபோது நானே தெந்தேயை விட்டேன். கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா இருபது வருடம் உதிரிப்பழம் பொறுக்கினார், அப்பா கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டினார். மலேசியாவில் இந்த மரத்தை வணிகத்துக்காக முதன்முதலில் 1917-இல் நட்ட சிலாங்கூர் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். ஆப்பிரிக்க மரத்துக்கு நம் ஆட்களின் வாய்ச்சொல்லில் வேறொரு மரத்தின் பெயர். அந்தப் பழத்தின் கறை படிந்த உடுப்பைத் துவைத்த வீட்டுப் பையன், படித்து மேலே வந்து, அதே எண்ணெயை விருந்தாளி முன்னால் வைக்கக் கூச்சப்பட்டேன். அதுதான் காரணம்.

போன வாரம் நைஜீரிய மாணவர்கள் சாமான் வாங்கும் ஒரு கடையில் நல்ல சிவப்பெண்ணெய் கிடைத்தது. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வரும் சிவப்பு எண்ணெய் பெரும்பாலும் வாசனை நீக்கியது, அது உதவாது. சட்டியில் ஊற்றியதும் கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"என்னடா இது, மில்லு வாசம் அடிக்குது?"

"அதே எண்ணெய்தாம்மா. பிரேசில்ல மீன்ல போடுவாங்க."

"இதப் போயா?" என்று மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி, நான் சொல்லாமலே, சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஆட்டினார். சாப்பிட்டு முடித்துவிட்டு, மீன் ஒரு கொதி அதிகம் வெந்துவிட்டது, உப்பும் பத்தவில்லை என்றார். போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது.