வீட்டுக் கணினியும் ஒற்றைக் கடவுச்சொல்லும்



பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு. "வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில் மட்டும் நீங்களே திறந்துவிடுங்கள்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், கேட்பவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் இவ்வறிவுரை தவறானது என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறாக, "ஒரே குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு எதற்கு? எங்கள் வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாது" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரும் உளர். அவர்கள் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. இவ்விரு தரப்பாரும் செய்வது ஒரே பிழைதான். ஒரு கணினியை நால்வர் பயன்படுத்தும்போது அந்நால்வரையும் ஓர் ஆளாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

"இந்தக் காலத்தில் பொதுக்கணினி யார் வீட்டில் இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்னும் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2028க்குள் நிறைவேற்ற எண்ணியிருந்தது. கொவிட் பெருந்தொற்றுக்குப்பின் அதனை 2021 இறுதிக்கே முன்கொணர்ந்தது. ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அத்திட்டத்தில் இல்லை. 2018இல் தொடங்கப்பட்ட மாணவர் கற்றல் தளத்தில் தமிழ்ப் பயிற்சியைச் செய்ய, நம் தொடக்கநிலைப் பிள்ளைகளுள் பலர் அப்பாவின் மடிக்கணினியையோ அக்காள் விட்டுவைத்த பழைய கணினியையோதான் நாடுகிறார்கள். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, ஒரு கணினிக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதை நாம் எல்லாரும் கண்டோம். அந்த வரிசை இன்று குறுகியிருக்கிறது, மறைந்துவிடவில்லை.

கடவுச்சொல் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1961இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே பெருங்கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கினர். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்புகள் இருந்தன. ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆக, கணினிக் கடவுச்சொல் பிறந்ததே பகிர்ந்துகொள்ளும் கணினிக்காகத்தான். அது கணினியைப் பூட்டப் பிறக்கவில்லை. கணினிக்குள் ஆளுக்கோர் அறை ஒதுக்கப் பிறந்தது.

அக்கதையின் அடுத்த பகுதி நம் பெற்றோருக்கு இன்னும் பயன்படும். அதே கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவருக்குப் போதவில்லை. 1962இல் அவர் அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பிறர் கணக்குகளின்வழி உள்ளே நுழைந்தார். கடவுச்சொல் தோன்றிய மறு ஆண்டே அது திருடப்பட்டுவிட்டது. அதுவும் கூடுதல் கணினி நேரத்துக்காக! அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் செய்ததை இன்று பத்து வயதுப் பிள்ளை செய்யாது என்று நம்புகிறீர்களா? அம்மாவின் விரல்கள் விசைப்பலகையில் நகர்வதைப் பின்னின்று நான்கு நாள் பார்த்தால் போதும். பிறகு கடவுச்சொல் பெற்றோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், பிள்ளைக்குத் தெரியும் என்பது மட்டும் பெற்றோருக்குத் தெரியாது.

தமிழாசிரியர் என்ற முறையில் இச்சொல்லையும் சற்றே நோக்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ‘பாஸ்வேர்டு’ எனப்படுவதைத் தமிழில் ‘மறைச்சொல்’ என்போரும் உளர். ‘கடவுச்சொல்’ என்போரும் உளர். மறைச்சொல் என்னும்போது மறைப்பது கண்ணில் படுகிறது. கடவுச்சொல் என்னும்போது கடந்துசெல்லும் வழி கண்ணில் படுகிறது. கடவுச்சீட்டில் உள்ள அதே ‘கடவு’தான். ஒரு சொல்லுக்கு இவ்விரு பணிகளும் உண்டு. உரியவரை உள்ளே விட வேண்டும். உரியவரல்லாதாரை மறிக்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள ஒற்றைக் கடவுச்சொல் இரண்டில் ஒன்றையும் செய்வதில்லை. உரிய பிள்ளையை வெளியே நிறுத்துகிறது. பிள்ளை உள்ளே வந்துவிட்டால் அப்பாவின் மின்னஞ்சல், அம்மாவின் வங்கிப் பக்கம், அக்காளின் ஒப்படைப்பு அனைத்தையும் திறந்துவிடுகிறது.

இதை மிகையென்று எண்ண வேண்டா. புதிய விண்டோஸ் கணினியில் முதன்முதலாகத் தொடங்கப்படும் கணக்கு நிர்வாகிக் கணக்காகும். கடைக்காரர் தொடங்கிக்கொடுத்த அந்த ஒரே கணக்கில்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் புழங்குகின்றன. அதில் அமர்ந்து பிள்ளை ஒரு விளையாட்டைப் பதிவிறக்கினால், அந்த மென்பொருள் நிர்வாகி என்ற அதிகாரத்தையே கேட்டுப் பெற்றுவிடலாம். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் அதே கணக்கில் கிடக்கின்றன. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்கும் அதிகம் என்பதைக் காவல்துறை அறிவித்தது. அவற்றுள் எத்தனையோ வகை உண்டு; எல்லாம் பிள்ளையின் விளையாட்டால் வந்தவை அல்ல. எனினும் குடும்பத்தின் பணமும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே மேசைமேல் கிடப்பது அறிவுடைமையாகுமா?

பூட்டை மட்டுமே நம்புவோர்க்கு 2024 ஆகஸ்ட் 4 ஒரு பாடம். பள்ளிச் சாதனங்களைக் கட்டுப்படுத்தப் பயன்பட்ட ‘மொபைல் கார்டியன்’ என்னும் செயலியின் நிறுவனத்துக்குள் யாரோ ஊடுருவினர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பதற்காக வைத்த கருவியே அவர்களுடைய குறிப்புகளை அழிக்கும் வழியாயிற்று. கட்டுப்பாட்டுக் கருவிகளே வேண்டா என்று நான் வாதிடவில்லை. பூட்டின் சாவி எப்போதும் வேறொருவர் கையிலேயே இருந்தால், தன் பொருளைத் தானே காத்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்றே கேட்கிறேன்.

அப்பழக்கம் அவசரமாகத் தேவைப்படும் நாள் ஒன்று வருகிறது. பதினைந்து வயதில் நம் பிள்ளைகள் ‘சிங்பாஸ்’ பெறும் தகுதியை அடைகிறார்கள். அரசாங்கச் சேவைகளுக்கும் வங்கிக் கணக்குக்கும் அதுவே வாயில். குற்றச் செயலுக்குப் பயன்படும் என்று அறிந்தோ, அவ்வாறு எண்ண இடமிருந்தோ தம் சிங்பாஸ் விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. பதினான்கு வயதுவரை "அண்ணனிடம் சொன்னால் என்ன, நண்பனிடம் சொன்னால் என்ன" என்று கடவுச்சொல்லை மிட்டாய்போல் பகிர்ந்துண்டு வளர்ந்த பிள்ளை, பதினைந்தாம் பிறந்த நாளன்று திடீரென்று விழிப்படைந்துவிடுமா? நீச்சல் கற்றுக்கொடுக்காமல் கடலில் இறக்குவதற்கு ஒப்பாகும் இது.

இனி, தமிழுக்கு வருகிறேன். இவ்வளவையும் நான் எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுதான்.

நம் ஊரில் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் அன்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இன்றோ எழுத்துரு கணினியிலேயே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையைச் சில சொடுக்குகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பொதுக்கணினியில் ஒரே கணக்கு இருந்தால் நடப்பது என்ன? அலுவலக மின்னஞ்சலை அவசரமாகத் தட்டச்சு செய்ய அப்பா அமர்கிறார். திரையில் தமிழ் எழுத்துகள் வருகின்றன. எரிச்சலடைந்து அவர் தமிழ் விசைப்பலகையை நீக்கிவிடுகிறார். விண்டோஸில் விசைப்பலகை அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியானது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு இருந்திருந்தால் அப்பாவின் ஆங்கிலமும் பிள்ளையின் தமிழும் ஒன்றையொன்று தொடாமல் வாழ்ந்திருக்கும்!

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எழுதுவதற்குத் தனிமை வேண்டும். வீவக நான்கறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். அதில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், சில வீடுகளில் பணிப்பெண். பிள்ளைக்கென்று தனியறை கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சிறுமி தமிழில் நாட்குறிப்போ, பாதி எழுதிய கதையோ வைத்துக்கொள்ள எங்கே இடம்? பொதுக் கணக்கில் சேமித்தால் அண்ணன் திறந்து எல்லார் முன்னிலும் உரக்கப் படித்துச் சிரிப்பான். பிழையோடு எழுதிய தமிழ் ஒருமுறை சிரிப்புக்கு உள்ளானால், அந்தக் கை மறுமுறை தமிழில் எழுதாது; ஆங்கிலத்துக்குப் போய்விடும். பிழையாய் எழுதவும், அழித்து எழுதவும், யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளவும் இடமிருந்தால்தான் ஒருவர் மொழியில் வளர முடியும். தனிக் கணக்கு என்பது பணச் செலவில்லாமல் நாம் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய அறை.

"தனிக் கணக்கு கொடுத்தால் எப்படிக் கண்காணிப்பது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். விடையும் எளிது: தனிக் கணக்கு இருந்தால்தான் கண்காணிக்கவே முடியும். மைக்ரோசாஃப்ட், கூகல் ஆகியவற்றின் குடும்பப் பாதுகாப்பு வசதிகள் பிள்ளையின் கணக்கோடு இணைந்தே இயங்குகின்றன. நேர வரம்பு, பொருந்தாத தளங்களைத் தடுத்தல் போன்றவற்றைப் பிள்ளையின் கணக்கில் வைக்கலாம். அப்பாவின் கணக்கிலேயே பிள்ளையும் புழங்கினால் யாருக்கு வரம்பு வைப்பீர்கள்?

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வீட்டில் கணினியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் அமையுங்கள். தாத்தா பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

2. நிர்வாகிக் கணக்கைத் தனியே வையுங்கள். மென்பொருள் நிறுவ மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அன்றாடப் புழக்கத்துக்குப் பெரியவர்களுக்கும் சாதாரணக் கணக்கே போதும்.

3. கடவுச்சொல்லைப் பிள்ளையே உருவாக்கட்டும். குறைந்தது 12 எழுத்துகள், தனக்கு மட்டுமே உரிய நினைவோடு தொடர்புடைய ஐந்து சொற்கள் என்பது இணையப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. "பாட்டி தேக்காவில் வாங்கிய மல்லிகை வாடியது" என்பதுபோல் ஒரு தொடரைத் தமிழில் அமைத்து ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடலாம். திருக்குறள் அடியைப் போடாதீர்கள். அது ஊரறிந்த இரகசியம்.

4. சிறு பிள்ளையாயின், கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு ஒட்டிப் பெற்றோரிடம் கொடுக்கட்டும். பிள்ளைக்குச் சொல்லாமல் அவ்வுறையைப் பிரிப்பதில்லை என்று வாக்களியுங்கள், அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள்.

5. கணினியைக் கூடத்தில் வையுங்கள். பெற்றோரின் கண்ணுக்கு ஈடான மென்பொருள் இன்னும் வரவில்லை.

6. எழுந்து செல்லும்போது கணக்கை மூடிவிட்டுச் செல்லும் வழக்கத்தை வீட்டு விதியாக்குங்கள். பெரியவர்களுக்கும் அதே விதி.

இறுதியாக, என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வேலை எளிதாகட்டும் என்று வகுப்பு முழுமைக்கும் ஒரே மாதிரியான கடவுச்சொல்லைக் கொடுப்பதையும், மாணவர் கடவுச்சொற்களைப் பட்டியலிட்டு ஒட்டுவதையும் நாம் நிறுத்த வேண்டும். 2018இல் சிங்ஹெல்த் கணினிகளிலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கையில், ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லும் வெளிவந்தது. ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்து, ஓர் எழுத்துக்குப் பதில் குறியையும் இன்னோர் எழுத்துக்குப் பதில் சுழியத்தையும் இட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட கடவுச்சொற்களை வைத்தவர்களும் என்றோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளைகள்தாம். எளிதாய் ஊகிக்கத்தக்க சொல்லை நாமே கரும்பலகையில் எழுதிக்கொடுத்தால், பிள்ளை அதையே கற்றுக்கொள்ளும்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் "கணினியைப் பூட்டுங்கள்" என்று சொல்ல வாயெடுக்குமுன், "உங்கள் பிள்ளைக்கு அதில் தனிக் கணக்கு இருக்கிறதா? அதில் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா?" என்று கேட்டுப்பாருங்கள். இல்லை என்று விடை வந்தால், அதை அமைத்துக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்