பூட்டை வைத்தவர்களும் சாவியைத் தொலைத்தவர்களும்

கணினி விளையாட்டு என்றதும், 'அது சிறுவர் சமாச்சாரம், இலக்கியம் பேசும் இடத்தில் அதற்கு என்ன வேலை?' என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஒரு படைப்பை, வாங்கியவரே திறக்க முடியாமற் போவதைப் பற்றியே இங்கு பேச வந்தேன். இன்று அது விளையாட்டுக்கு நேர்ந்திருக்கிறது. புத்தகத்துக்கும் நேரத் தொடங்கிவிட்டது.

பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குறுவட்டு ஒன்றை இன்றைய கணினியில் இட்டுப் பாருங்கள். திரை ஒரு கணம் இருண்டு பழைய நிலைக்கே திரும்பும். அல்லது எதுவுமே நிகழாது. உதவி கேட்டால் உடனே ஒரு பட்டியலை ஓதுவார்கள்: வரைகலை அட்டையின் டிரைவரைப் புதுப்பியுங்கள், நிர்வாகி உரிமையுடன் இயக்குங்கள், வைரஸ் தடுப்பானை நிறுத்திவையுங்கள், நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். இவை வீண் என்று நான் சொல்லவில்லை. மெய்யான பழுதுகள் பலவற்றுக்கு இவற்றில் மருந்து உண்டு. ஆனால் குற்றம் உன் கணினியுடையது, அல்லது உன்னுடையது என்ற தீர்ப்பொன்றும் இப்பட்டியலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பல சமயங்களில் அது அநியாயமான தீர்ப்பு.

2000களின் குறுவட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அது இயங்குவதற்கான டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடனேயே சேர்த்துத் தந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல், பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு புதுப்பித்தல், விஸ்டா, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் விளைவு என்ன? விளையாட்டு பழுதுபடவில்லை, குறுவட்டில் கீறல் இல்லை. காவலாளியை வேலையிலிருந்து நீக்கியவர்கள் கதவைத் திறந்துவிட மறந்துபோனார்கள். முறையாக வாங்கியவர் வாசலில் நிற்கிறார். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை வைத்திருப்பவரோ இந்தத் தடையைச் சந்திப்பதே இல்லை.

இது மிகையென்று நினைப்பவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் சம்பவம் ஒன்று. யூபிசாஃப்ட்டின் 'ரெயின்போ சிக்ஸ்: வேகஸ் 2'ஐ இணையத்தில் பணம் கட்டித் தரவிறக்கியவர்களிடம், ஒரு புதுப்பித்தலுக்குப் பின் விளையாட்டு குறுவட்டைக் கேட்டது. தரவிறக்கியவர்களிடம் குறுவட்டு ஏது? நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஒரு கோப்பைத் தந்தது. பிரித்துப் பார்த்தால், ரீலோடட் என்ற பூட்டுடைக்கும் குழு உருவாக்கிய கோப்பு அது! தன் பூட்டைத் திறக்க, தானே கள்வன் என்று வசைபாடியவனின் கருவியைக் கடன் வாங்க நேர்ந்த பிறகும் அந்தத் தொழிலுக்கு வெட்கம் வரவில்லை.

இணையம் வந்த பின் பூட்டு, குறுவட்டை விட்டு நிறுவனத்தின் சர்வருக்கு இடம் மாறியது. 2014இல் வெளியான 'தி க்ரூ'வின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, தனியாக விளையாடும் பகுதியும் சேர்ந்து செத்தது. இதற்கு எந்த டிரைவரைப் புதுப்பிப்பது?

பூட்டு இல்லாவிட்டால் திருட்டு பெருகும், படைப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பது எதிர்வாதம். அதில் உள்ள கவலையை நான் மதிக்கிறேன். ஆயின் போலந்தின் கிஓஜி 2008 முதல் பூட்டில்லாத விளையாட்டுகளையே விற்றுவருகிறது. 2015இல் 'தி விட்சர் 3' அங்கே வெளியான நாளிலேயே பூட்டின்றிக் கிடைத்தது. பூட்டு வேண்டும் என்பவர்களும், விற்பனையின் சூடு தணிந்ததும் அதைக் கழற்றலாமே? 2016இல் வந்த 'டூம்' விளையாட்டிலிருந்து டெனுவோ பூட்டை அதே ஆண்டு டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். முடியாத காரியமன்று, மனமில்லாத காரியம்.

நீங்கள் பெறுவது உரிமமே என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று எழுதக்கூடாது என்கிறது 2025இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம். நல்லது, ஆனால் ஏமாற்றுவதை முன்கூட்டி அறிவித்துவிட்டால் அது நேர்மையாகிவிடுமா? விற்ற விளையாட்டைக் கைவிடும்போது அதை இயங்கும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் எழுந்த கோரிக்கை 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. நியாயமான கோரிக்கை அதுவே.

முகம் சுளித்த நண்பர்களே, 2009இல் அமேசான், உரிமைச் சிக்கலைக் காட்டி, ஆர்வெல்லின் '1984'ஐ வாசகர்களின் கிண்டிலிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் அதோடு போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், உண்மைதான். அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைமேல் காசை வைத்துவிட்டுப் போகிறவனை நாம் வேறு பெயர் சொல்லி அழைப்போம். 'விளையாட்டு திறக்கவில்லை' என்று இனி யாரேனும் வந்தால், அவருடைய கணினியைக் குறைசொல்லும் முன், பூட்டியது யார் என்று கேளுங்கள்.